பட்பொங் தெருப் பள்ளிக்கூடம்

பச்சை விளக்கு! வழி திறந்திருக்கிறது, வண்டி போகலாம் என்று சொல்லும் விளக்கு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, சயாம் நாட்டுத் தலைநகராம் பாங்காக்கிலே, அந்த விளக்குக்கு வேறொரு பொருள் இருந்தது. அது எரிந்த வீடு, பெண்ணுடல் விலைபேசப்பட்ட வீடு. திருட்டுத்தனமாக நடந்த வீடன்று. அரசாங்கத்திலே பெயர் பதிந்து, கட்டணம் கட்டி, மருத்துவச் சான்று பெற்று நடந்த வீடு! 1908 ஆம் ஆண்டுச் சட்டம் வாயிலிலே விளக்குத் தொங்கவேண்டும் என்றது. பச்சை விளக்கே வழக்கமாயிற்று. 'பச்சை விளக்கு வீடு' என்றாலே இன்ன வீடு என்று ஊரார் அறிந்தனர்.

அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்னர், 1905 இல், சுலலாங்கோர்ன் மன்னர் அடிமை முறைக்கு முடிவு கட்டினார். பெருஞ்செயல், மறுப்பாரில்லை. ஆனால் விலங்கை ஒடித்தவர்கள், விடுதலை பெற்ற பெண்ணின் கையிலே ஒரு துண்டு நிலம் தந்தார்களா? தொழில் தந்தார்களா? எழுத்தறிவு தந்தார்களா? எசமானன் வீட்டுக் கதவு மூடிக்கொண்டது. போக்கிடமற்ற பெண்கள் பலருக்குத் திறந்திருந்த கதவின்மேல் பச்சை விளக்கு எரிந்தது. மூன்றே ஆண்டுகளில் அரசாங்கம் அந்த விளக்குக்குக் கட்டணமும் வாங்கத் தொடங்கிற்று.

அரை நூற்றாண்டு கடந்தது. ஒழுக்கத்தைக் காக்கப் புறப்பட்டார் படைத்தலைவர் ஒருவர். சரித் தனரத் என்பது அவர் பெயர்; ஆட்சியைக் கவிழ்த்து அரியணைக்கு அருகே அமர்ந்தவர். 1960 இல் அவருடைய அரசு புதிய சட்டம் கொணர்ந்தது. உடலை விற்பது குற்றம் என்றது சட்டம். வாங்குவது? அதைப்பற்றிச் சட்டம் வாய் திறக்கவில்லை! விற்றவள் குற்றவாளி, வாங்கியவன் விருந்தாளி. பிடிபட்டவளுக்கு அபராதம், சிறை. அதன்பின் சீர்திருத்த இல்லம், தையற் பயிற்சி. அதே 1960 இல்தான், அதே அரசு, வெளிநாட்டாரை வருக வருக என்றழைக்கச் சுற்றுலாக் கழகமும் அமைத்தது. 1963 இல் சரித் மறைந்தார். சொத்து வழக்கு எழுந்தது. ஒழுக்கச் சட்டம் தந்த உத்தமருக்குத் துணைவியர் நூற்றுக்கு மேல் என்று நாட்டு ஏடுகள் எழுதின. சிரிப்பதா, சினப்பதா?

பிறகு வந்தது வியட்நாம் போர். உடோன், கோராட், தாக்லி, ஊ-தபாவ் எனத் தாய்லாந்து மண்ணெங்கும் அமெரிக்க வானூர்தித் தளங்கள். அறுபதுகளின் இறுதியில் அங்கே தங்கியிருந்த அமெரிக்கப் படையினர் ஏறத்தாழ 50,000 பேர். போதாதென்று, வியட்நாமிலே போரிடும் வீரர்கள் ஓய்வுக்கும் உல்லாசத்துக்கும் தாய்லாந்து வரலாம் என்று 1967 இல் இரு அரசுகளும் ஒப்பந்தம் செய்துகொண்டன. களத்திலே குண்டு, விடுமுறையிலே கூத்து! அதற்கு ஓராண்டு முன்னரே, 1966 இல், கேளிக்கைக் கூடங்களுக்கு உரிமம் தரும் சட்டம் வந்துவிட்டது. மதுக்கூடம், நடனக்கூடம், உடம்பு பிடிக்கும் நிலையம், எல்லாவற்றுக்கும் உரிமம். அங்கே பணிபுரியும் பெண்ணுக்கோ 1960 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி விலங்கு. முதலாளிக்குச் சான்றிதழ், தொழிலாளிக்குச் சிறைச்சாலை. கடைக்குக் கதவைத் திறந்த கைதான் கடையிலே நின்றவளின் கையைப் பிடித்து இழுத்தது.

படைகள் 1976 இல் வெளியேறின. மதுக்கூடங்கள் வெளியேறவில்லை. சிப்பாய் அமர்ந்த நாற்காலியில் சுற்றுலாப் பயணி வந்து அமர்ந்தான், அவ்வளவுதான் மாற்றம்.

பாங்காக்கின் சீலோம் சாலையையும் சுரவோங் சாலையையும் இணைக்கும் சிறு தெரு பட்பொங். சீனத்து ஐனான் தீவிலிருந்து குடியேறிய குடும்பம் ஒன்று, இரண்டாம் உலகப் போருக்குப் பின் வாங்கிய தனியார் தெரு அது. குடும்பப் பெயரே தெருப் பெயராயிற்று. முதலில் வணிக அலுவலகங்கள் இருந்தன; அறுபதுகளின் பிற்பகுதியிலே மதுக்கூடங்கள் முளைத்தன. பகலிலே உறங்கும் தெரு, இரவிலே விழிக்கும்.

அந்தக் கூடங்களின் கணக்கு வழக்கைச் சற்றே கவனிக்க வேண்டும், தோழர்களே! ஒளியையும் ஒலியையும் கண்டு மயங்கிவிட்டால் கணக்குத் தெரியாது. பெண்ணுக்குச் சிறிய சம்பளம். காலந்தாழ்ந்து வந்தால் பிடித்தம். வாராவிட்டால் பெரிய பிடித்தம். மாதத்திற்கு இத்தனை கோப்பை என்று ஓர் அளவு. விருந்தாளிகளை அத்தனை கோப்பை வாங்கச் செய்யாவிட்டால் அதற்கும் பிடித்தம். அவளை வெளியே அழைத்துச் செல்ல விரும்புகிறவன், முதலில் மதுக்கூடத்துக்கு ஒரு தொகை கட்டவேண்டும். கட்டியபின் நடப்பது எமக்குத் தெரியாது, நாங்கள் குடிவகை விற்போர் மட்டுமே என்று கைகழுவிக் கொள்வார் முதலாளி. ஆலையிலே இப்படிப் பிடித்தம் செய்தால் தொழிற்சங்கம் கேட்கும். இங்கே யார் கேட்பது? கேட்பவளே சட்டத்தின்முன் குற்றவாளியாயிற்றே!

இந்தப் பெண்கள் யார்? பேராசையால் வந்தவர்கள், பிறவியிலேயே கெட்டவர்கள் என்று நல்லோர் சொல்லினர். பாசுக் பொங்பைச்சித் என்ற பொருளியல் அறிஞர், தாமும் தாய்லாந்துப் பெண், உடம்பு பிடிக்கும் நிலையங்களிலே பணிபுரிந்த 50 பெண்களைச் சந்தித்து ஆராய்ந்தார். அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு 1982 இல் அதை நூலாக்கியது. அவர் கண்டது என்ன? வடக்கிலும் வடகிழக்கிலும் வறண்ட வயல்களிலிருந்து வந்த உழவர் பெண்கள் அவர்கள். ஈட்டியதில் மூன்றிலொரு பங்கு முதல் பாதிவரை வீட்டுக்கு அனுப்பினர். அந்தப் பணத்திலே கூரை மாறியது, தம்பி படித்தான், தந்தையின் கடன் அடைந்தது. நகரிலே வேறெந்த வேலையும் அவர்களுக்கு அத்தனை ஊதியம் தரவில்லை. ஒழுக்கக் கேட்டைத் தேடிப் போனவர், ஊரகப் பொருளியலைக் கண்டார்.

இதிலே சமயத்துக்கும் பங்குண்டு. பெற்றோர் செய்த நன்றிக்குப் பிள்ளைகள் கடன்பட்டவர்கள் என்பது அந்நாட்டுக் கோட்பாடு. மகன் சில மாதம் துவராடை உடுத்தித் துறவியானால் தாய்க்குப் புண்ணியம் சேர்ந்துவிடும், கடன் தீர்ந்தது! மகளுக்கோ அந்தத் துறவுரிமையை அந்நாட்டுச் சங்கம் தரவில்லை. அவள் பணத்தால் தீர்க்க வேண்டும். அவள் அனுப்பும் பணத்திலே ஊர்க் கோயிலுக்குக் காணிக்கையும் போகும். காணிக்கையைக் கோயில் ஏற்கும். பாவம் மட்டும் அவள் கணக்கில் நிற்கும். பெண்ணாய்ப் பிறந்ததே பழவினை என்று வேறு போதிப்பார்கள். வயலிலே நீரில்லாததும், உடைமை ஒரு சிலரிடம் குவிந்ததும் எந்தப் பிறவியின் வினையோ, போதிப்போர் சொல்வதில்லை.

எல்லாப் பெண்களும் தாமே நடந்து வந்தவர்களல்லர். 1984 சனவரியில் புக்கெட் நகரிலே ஒரு விடுதி தீப்பற்றியது. சாம்பலிடையே ஐந்து இளம்பெண்களின் உடல்கள் கிடைத்தன. தப்பியோட முடியாதபடி உள்ளே அடைக்கப்பட்டிருந்தவர்கள். நாடு அதிர்ந்தது. அந்த ஐவரை நினைவில் வைத்துக்கொண்டுதான் மேலே பேசவேண்டும் என்று நான் கருதுகிறேன். பூட்டிய அறையை உடைப்பதிலே இரு கருத்துக்கு இடமில்லை. குழந்தைகளை விற்பதிலும் இல்லை. ஆனால் பூட்டில்லாத இடத்திலே, வயதுவந்த பெண் ஒருத்தி, ஊருக்குப் பணம் அனுப்ப மதுக்கூடத்திலே நிற்கிறாள். அவளிடம் உதவி செய்யப் போகிறவன் என்ன கொண்டுபோக வேண்டும்? வினா அதுதான்.

தையற் பொறியைக் கொண்டுபோனவர்கள் பலர். அரசு இல்லங்களும் அதையே கற்பித்தன, அயல்நாட்டு அருளாளர்களும் அதையே கற்பித்தனர். தைத்தாள், ஊதியத்தைப் பார்த்தாள், திரும்பி வந்தாள். மறுபடி பிடித்தனர், மறுபடி தைக்கச் சொன்னார்கள். பின்னாளிலே ஆசியப் பகுதியில் இத்தொழிலாளர்கள் கூட்டமைப்பு ஒன்று கண்டபோது, குறுக்கே கோடிட்ட தையற் பொறியையே தங்கள் சின்னமாக்கினர் என்றால், எத்தனை சலித்துப் போயிருக்க வேண்டும்!

சந்தவிபா அபிசுக் என்ற அம்மையார் பட்பொங்குக்கு எதையும் கொண்டுபோகவில்லை. போய் உட்கார்ந்தார், பேசினார், கேட்டார். என்ன வேண்டும் என்று கேட்டதற்கு அப்பெண்கள் கூறிய விடை: ஆங்கிலம் வேண்டும்! விலை பேசத் தெரியவேண்டும், ஏமாறாதிருக்கத் தெரியவேண்டும், முடியாது என்று சொல்லத் தெரியவேண்டும். கடல்கடந்து வரும் காதற் கடிதத்தைப் படிக்கவும் மறுமொழி எழுதவும் காசு கொடுத்து ஆள்பிடிக்கும் நிலை மாறவேண்டும். 1985 இல் தொடங்கியது வகுப்பு. 'எம்பவர்' என்ற அமைப்பு அப்படிப் பிறந்தது.

தன்னார்வத் தொண்டர்கள் வந்தார்கள். உள்நாட்டாரும், ஐரோப்பா, ஆசுத்திரேலியா, அமெரிக்காவிலிருந்து வந்தோரும். நானும் கரும்பலகை முன் நிற்பவன். ஆகவே அந்த வகுப்பை எண்ணிப் பார்க்கையிலே வியப்பு வருகிறது. காலை மணி அடித்து வருகைப் பதிவு எடுக்கும் வழக்கம் அங்கே செல்லாது. மாணவி விடியற்காலையிலே உறங்கப் போனவள், பிற்பகலில்தான் வருவாள், மாலையிலே எழுந்து வேலைக்குப் போவாள், அடுத்த வாரம் வேறு ஊரில் இருப்பாள். பாடநூலிலே கிளியும் மாம்பழமும் இருந்து என்ன பயன்? எண்கள், கிழமைகள், உடல்நலம், கூலி, காவலரிடம் பேசும் முறை, இவைதாம் பாடம். நீ ஏன் இதைச் செய்கிறாய் என்ற கேள்வியை ஆசிரியர் கேட்பதில்லை. கொத்தனாரிடமும் குமாசுதாவிடமும் அக்கேள்வியைக் கேட்டா நாம் எழுத்துக் கற்பிக்கிறோம்? நாளடைவில் அங்கே பள்ளிசாராக் கல்வியின் வழியே அரசுச் சான்றிதழும் பெற்றனர். தங்களுக்கென ஒரு செய்தி ஏடும் நடத்தினர்.

எய்ட்சு நோய் பரவியபோதுதான் இந்தப் பள்ளியின் மதிப்பு விளங்கிற்று. 1989 இல் சியாங்மாய் விடுதிகளிலே நடந்த கணக்கெடுப்பில், சோதிக்கப்பட்ட பெண்களில் 44 விழுக்காட்டினரிடம் கிருமி இருந்தது. நோயைப் பரப்புகிறவள் இவளே என்று கை நீட்டினர் பலர். அவளுக்கு நோயைத் தந்தவன் யாரென்று கேட்டவர் சிலர். எம்பவர் பெண்கள் மதுக்கூட மேடைகளிலேயே நாடகம் நடித்து, உறையின்றி உறவில்லை என்று சொல்லக் கற்பித்தனர். அரசும் அதன்பின் விழித்தது. உறை கட்டாயமென்ற திட்டம் 1989 இல் ராட்சபுரியில் தொடங்கி 1991 இல் நாடெங்கும் விரிந்தது. விலைமாதர் இல்லங்களிலே 14 விழுக்காடாக இருந்த உறைப் பயன்பாடு, சில ஆண்டுகளிலே 90ஐத் தாண்டியது. பெண்ணைச் சிறையிலடைத்துக் கிடைத்த பயனல்ல இது. அவள் கூடத்துக்கே சென்று பேசியதால் கிடைத்த பயன்.

1996 இல் சட்டம் மாறியது. பதினெட்டு வயது நிரம்பாதோரிடம் செல்பவனும், தரகனும், பிள்ளையை விற்கும் பெற்றோரும் அப்போது தண்டனைக்குள் வந்தனர். அப்போதும், தெருவிலே அழைத்த பெண்ணுக்கு அபராதம் நீங்கவில்லை.

மீட்பர்களும் ஓயவில்லை. 2003 இல் சியாங்மாயிலே ஒரு மதுக்கூடத்திலிருந்து பர்மியப் பெண்கள் சிலர் 'மீட்கப்பட்டனர்'. அவர்களைப்பற்றி எம்பவர் அறிக்கை வெளியிட்டது. படித்தால் தெரியும், மீட்பு எப்படிப்பட்டதென்று. கைப்பேசி பறிக்கப்பட்டது, சேமித்த பணமும் பொருளும் போயிற்று, பூட்டிய இல்லத்திலே நாட்கணக்கில் விசாரணை, வீட்டாருக்குச் செய்தி அனுப்ப வழியில்லை, முடிவில் எல்லைக்கப்பால் அனுப்புதல். மறுபடி வரவேண்டுமானால் மறுபடி கடன். புக்கெட்டிலே பூட்டியவன் கொள்ளைக்காரன். இங்கே பூட்டியவர்கள் கருணையாளர்கள்.

அப்பெண்களிடம் அதற்கு மறுமொழி இருந்தது. 2006 இல் சியாங்மாயிலே தாங்களே பணம் திரட்டி ஒரு மதுக்கூடம் திறந்தனர். 'கேன் டூ' என்று பெயர் வைத்தனர். முடியும் என்பது பொருள். மற்ற மதுக்கூடங்களிலே உள்ள நாற்காலி, மேசை, பாட்டு, புட்டி, எல்லாம் அங்கும் உண்டு. சுவருக்குள்ளே நடப்பதுதான் வேறு. நாட்டின் தொழிலாளர் சட்டம் என்ன சொல்கிறதோ அப்படி: எட்டு மணி நேர வேலை, மிகைநேரத்துக்குத் தனிக் கூலி, வார விடுமுறை, சம்பளத்தோடு விடுப்பு, சமூகப் பாதுகாப்பு நிதியிலே பெயர்ப் பதிவு. கோப்பைக் கணக்கு இல்லை. காலந்தாழ்ந்தால் பிடித்தமும் இல்லை.