கேஸ் கசிவை அறியும் கருவியின் கதை

2021 கடைசியில் நம் நாட்டுக் குசினிகளில் கேஸ் அடுப்புகள் வெடித்த செய்திகள் அடுத்தடுத்து வந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். இதே பயம் ஜப்பானியருக்கு 1960களிலேயே இருந்தது. வீடு வீடாக கேஸ் பரவ, வெடிவிபத்துகளும் கூடின. கேஸ் உணரி வீடுகளுக்கு வந்தது அந்தப் பயத்தால்தான்.

1962 இல் கியூஷு பல்கலைக்கழகத்தில் செயாமா குழுவினர், வாயு பட்டால் நாக ஒட்சைட்டின் மின்தடை மாறுவதைக் காட்டினர். அதே ஆண்டில் நவோயோஷி தகுச்சி வெள்ளீய ஒட்சைட்டில் உணரி செய்தார். 1968 இல் அது சந்தைக்கு வந்தது.

அது வேலை செய்யும் விதம் இதுதான். காற்றிலுள்ள ஒட்சிசன், ஒட்சைட்டின் மேற்பரப்பில் ஒட்டி இலத்திரன்களைப் பிடித்துக்கொள்ளும், தடை கூடும். கேஸ் வந்தால் அந்த ஒட்சிசனுடன் தாக்கமுற்று இலத்திரன்களை விடுவிக்கும், தடை குறையும், அலாரம் அடிக்கும்.

ஆனால் இந்தத் தாக்கம் விரைவாக நடக்க 200 முதல் 400 பாகை செல்சியஸ் வரை சூடு வேண்டும். நம் மாணவர்கள் விஞ்ஞானக் கண்காட்சிக்கு வாங்கும் எம்கியூ-2 உணரி தொட்டால் சுடுவது இதனால்தான். உள்ளே ஒரு சிறிய ஹீற்றர் எந்நேரமும் எரிகிறது. அது பற்றரியைச் சீக்கிரம் தீர்த்துவிடும். அதனால்தான் பல அலாரங்கள் பிளக்கில் தொங்குகின்றன.

2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோமே! அந்நேரம் பிளக்கில் இருக்கும் அலாரம் ஊமை. நாமோ மெழுகுதிரி கொளுத்துவோம். ஆபத்து கூடும் வேளையில் காவல்காரன் தூங்கிவிடுகிறான்.

இந்தச் சூட்டைக் குறைக்கத்தான் விஞ்ஞானிகள் பல்லாண்டுகளாக முயல்கிறார்கள். பல்லேடியம், பிளாற்றினம் போன்றவற்றைச் சிறிதளவு சேர்த்தால் தாக்கம் இலகுவாகும் என்று கண்டார்கள். 1991 இல் யமசோயே குழுவினர், வெள்ளீய ஒட்சைட்டுத் துணிக்கை சுமார் 6 நனோமீற்றருக்குக் குறைந்தால் உணர்திறன் வேகமாக ஏறுவதைக் காட்டினர். இப்போது இவ்விரண்டையும் சேர்த்து, அறை வெப்பநிலையிலேயே இயங்கும் உணரிகளை ஆய்வுகூடங்களில் செய்கிறார்கள். பெரிய தடை காற்றின் ஈரப்பதன். சூடில்லாத மேற்பரப்பில் நீராவி படிந்து கணக்கைக் குழப்பும். நம் கரையோர ஊர்களுக்கு இது சின்னப் பிரச்சினை அல்ல.

அதுவரை நாம்தான் விழிப்பாக இருக்க வேண்டும். சமையல் கேஸ் காற்றைவிடப் பாரமானது, நிலத்தோடு தேங்கும். ஆகவே அலாரத்தைத் தாழ்வாகப் பூட்டுங்கள். மணம் வந்தால் சுவிட்சைத் தொடாதீர்கள், நெருப்புப் பற்றவைக்காதீர்கள். றெகுலேற்றரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து வெளியே வாருங்கள். வீட்டில் சமைப்பவர்களுக்கும் இதை வாசித்துக் காட்டுங்கள்.