சாந்தும் இழையும்

பேராதனையிலிருந்து கொழும்பு வீதி வழியே சென்று பிலிமத்தலாவையில் தெற்கே திரும்புவோர், சிறிது தூரத்திலே, அகன்று படிந்த பாறையொன்றின்மீது, தென்னாட்டுக் கோயில்களின் சாயல் சற்றும் குன்றாமல் நிற்கும் கருங்கல் ஆலயம் ஒன்றைக் காண்பர். நான்காம் புவனேகபாகு மன்னன் காலத்தில், 1344ஆம் ஆண்டில், தர்மகீர்த்தி என்னும் தேரரின் பெருமுயற்சியால் எழுந்த கடலாதெனிய விகாரை அது; திருப்பணியைத் தலைமையேற்று நடத்தியவர் கணேஸ்வராசாரி. புத்தர் பெருமானுக்குத் திராவிட மரபிலே எடுத்த கோயில் என்று அதனைப் பலரும் போற்றியுள்ளனர். எனினும், அங்குள்ள பாறைச் சாசனம் கூறும் வேறொரு செய்தியே என் நெஞ்சில் நெடுநாளாக நிற்கிறது: அதே தேரர் ஆந்திர நாட்டுத் தான்யகடகத்தில், அதாவது அமராவதியில், பழுதுற்றிருந்த படிம இல்லம் ஒன்றையும் புதுப்பித்தார் என்பதே அது. புதுக்கோயில் எடுப்பதினும், பழுதுற்றதைப் புதுப்பிக்கும் ஜீர்ணோத்தாரணம் பன்மடங்கு புண்ணியம் என்று நம் பெரியோர் கூறுவர். அந்தப் புண்ணியத்தைக் கடல் கடந்து சென்று தேடிய ஒருவரே கடலாதெனியவை எழுப்பினார்.

அதே ஆண்டில், அதே உடுநுவரைப் பகுதியில், பன்ஹல்கல என்னும் பாறைமீது, சேனாலங்காதிகாரர் என்னும் அமைச்சர் ஸ்தபதி ராயரைக் கொண்டு எழுப்பிய லங்காதிலக விகாரையோ கருங்கல்லும் செங்கல்லும் கலந்த கட்டடம். சிங்களத்தோடு தமிழிலும் சாசனம் பொறித்த அந்தப் பாறையின்மீது நான்கு நிலை மாடமாக எழுந்ததென்று சொல்லப்படும் அம்மாளிகையின் மேற்பகுதி பிற்காலத்தில் அழிந்துபோக, எஞ்சியதன்மேல் கண்டிப் பாணியில் ஓட்டுக்கூரை கவிந்துள்ளது. கல் நின்றது; உச்சியிலிருந்த செங்கல் நிற்கவில்லை.

இதன் காரணத்தை எந்தக் கொத்தனாரும் அறிவார். செங்கற் சுவர் தலைமேல் வைத்த பாரத்தை நூற்றாண்டுக் கணக்கில் சுமக்கும். பக்கவாட்டில் பிடித்து இழுத்தால் அதற்குத் தாங்கும் வலுவில்லை. வளைவும் விதானமும் தம் பாரத்தால் சுவர்களை வெளியே தள்ளுகின்றன. அடித்தளம் ஒரு பக்கம் அமிழ்கிறது. மழைநீர் சாந்தைக் கரைக்கிறது. இத்தகைய பழஞ்சுவர் ஒன்றின் விரிசலருகே நின்று பார்த்தால், மேலே போகப் போக அகன்று செல்லும் வாயிலே ஓர் அரசங்கன்று வேரூன்றியிருக்கும். விரலால் அழுத்தினால் சுண்ணாம்பு வெண்பொடியாக உதிரும். உள்ளே கைவைத்தால் குளிர்ந்த ஈரம் தட்டுப்படும்.

ஒவ்வொரு யுகமும் தனக்குக் கிட்டிய வலிய திரவியத்தைக் கொண்டு இந்த நோயைத் தீர்க்க முயன்றது. ஏதென்சு நகரத்துப் பார்த்தெனன் ஆலயத்தை 1898 முதல் செப்பனிட்ட பலானோஸ் என்னும் பொறியியலாளர், சலவைக்கற்களை இரும்புக் கவ்விகளால் பிணைத்தார். பண்டைக் கிரேக்கர் அத்தகைய கவ்விகளின்மேல் ஈயம் வார்த்துக் காற்றும் நீரும் அணுகாமற் காத்தனர். புதிய கவ்விகளுக்கு அந்தக் காப்பு இல்லை. அவை துருப்பிடித்துப் பருத்தபோது, காக்க வந்த இரும்பே கல்லைப் பிளந்தது. 1975இல் அமைந்த குழுவினர் அவற்றைக் களைந்து தைட்டானியம் இட நேர்ந்தது. சீமெந்தின் சரித்திரமும் இதனின் வேறன்று. சுண்ணாம்புச் சுவரின்மேல் பூசிய சீமெந்து ஈரத்தை வெளியேறவிடாமல் உள்ளேயே அடைத்து, மெல்லிய செங்கல்லைப் பொருக்குப் பொருக்காக உதிரச் செய்கிறது.

நம் காலத்துத் திரவியம் இழை. ஒரு மில்லிமீற்றரில் சில பத்திலொரு பங்கே தடிப்புள்ள காபன் இழைத் துணி, சாதாரண உருக்கினும் பன்மடங்கு இழுவலிமை கொண்டது. எடையிலோ உருக்கின் கால்பங்கும் இராது. 1997 செப்டெம்பர் 26ஆம் நாள் நில நடுக்கத்தில் இத்தாலி நாட்டு அசிசி நகரத்துப் புனித பிரான்சிஸ் பேராலயத்தின் விதானம் இடிந்து நால்வர் மாண்டபோது, அதனைச் செப்பனிட்டவர்கள், மரக்கருவைச் சுற்றி அரமிட் இழை பொதிந்த விலாக்களை விதானத்தின் மேற்புறத்தில் ஒட்டினர். கீழ்ப்புறத்திலே சுவரோவியங்கள் இருந்தமையால் அங்கே கை வைக்கவில்லை.

ஓவியப் பக்கத்தைத் தொடாதுவிட்ட இந்த நுட்பத்தைக் கண்டியில் உள்ளோர் எளிதில் உணர்வர். 1998 ஜனவரி 25இல் நிகழ்ந்த குண்டுவெடிப்பில் தலதா மாளிகையின் சுவர்கள் சிதைந்தபோது, பதினெட்டாம் நூற்றாண்டு முதல் இருபதாம் நூற்றாண்டு வரை ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசப்பட்ட மூன்று சாந்துப் படைகளேனும் வெளிப்பட்டன. அத்தகைய சுவரிலே எப்பொக்சிப் பிசின் தடவி இழையை ஒட்டினால், மீண்டும் உரிக்கும்போது சரித்திரமும் அதனோடு உரிந்து வரும். மேலும் அப்பிசின் அறுபது பாகை வெப்பத்தை அண்டினால் இளகுகிறது. ஈரம் ஊறும் சுவரில் அதன் பிடி தளர்கிறது. சுவரின் மூச்சையும் அடைக்கிறது. ஆகவே இழையை வலையாகப் பின்னிச் சுண்ணாம்புச் சாந்துக்குள் புதைக்கும் முறையையே நான் விரும்புகிறேன். ஓரளவு வலிமை குறைந்தாலும், அது சுவரின் இனத்தைச் சேர்ந்தது. வேண்டாதபோது சாந்தோடு கொத்தி எடுத்துவிடலாம்.

2020இல் திகனவிலும் விக்டோரியா நீர்த்தேக்கத்தின் சுற்றிலும் சிறு நில அதிர்வுகள் உணரப்பட்டபின், மலைநாடு அசையாது என்ற நம்பிக்கையோடு இருந்துவிட இயலாது. இதனை ஆராய, 1964 முதல் பேராதனையிலே பொறியியற் பீடம் இயங்குகிறது. கடலாதெனிய அதற்கு எட்டாத தொலைவில் இல்லை. கருங்கல் உடலின்மேல் செங்கற் சிகரம் தாங்கிய அவ்விகாரைக்கு, அண்மை ஆண்டுகளில் இரும்புக் கால்களின்மேல் பெரியதொரு காப்புக்கூரை கவித்து, முதலில் மழையைத் தடுத்தனர். அந்த வரிசை முறை சரியானது என்பது என் துணிபு. அடுத்ததாக, விரிசல் கண்ட இடந்தோறும் குறுக்கே மெல்லிய கண்ணாடிச் சில்லு ஒன்றைச் சாந்தால் ஒட்டி, அதன்மேல் நாளைக் குறித்து வைக்க வேண்டும். சில்லு உடைந்தால் சுவர் இன்னும் அசைகிறது. அங்கே இழை வலை வேண்டும். இரண்டு பருவமழைகள் பெய்து ஓய்ந்தும் உடையாதிருந்தால், நன்கு புளிக்க வைத்த சுண்ணாம்பைக் குழைத்து வாயை அடைத்தாற் போதும்.