ஓடும் கணக்கைத் திருப்பும் கை

கோவில்பட்டி வட்டாரத்துக் கரிசற் காடுகளில் பருத்தியும் கம்பும் உளுந்தும் வடகிழக்குப் பருவமழையை நம்பியே விளைகின்றன. மழைக்கு முன்பே புழுதியில் விதைக்கும் உழவர் தம் விதையையே பணயம் வைக்கிறார். மழை ஓய்ந்தபின் வந்து சேரும் முன்னறிவிப்பால் அவருக்கு என்ன பயன்? வானிலைக் கணக்கின் வரலாற்றை நான் இக்கேள்வியோடுதான் நோக்குகிறேன்.

முதல் உலகப் போரில் பிரான்சு நாட்டில் ஆம்புலன்ஸ் ஓட்டிய லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் என்னும் ஆங்கில அறிஞர், ஆறு மணி நேர வானிலையைக் கையால் கணக்கிடப் பல வாரம் உழைத்தார், விடையோ பொய்த்தது. ஆயினும் அவர் தளரவில்லை. 1922-இல் வெளியிட்ட நூலில் ஒரு கற்பனை மண்டபத்தை வருணித்தார். அங்கே 64,000 பேர் உலகைப் பகுதி பகுதியாகப் பங்கிட்டு ஒரே வேளையில் கணக்கிடுவர். நடுமேடைத் தலைவர், முந்துவோர்மீது செவ்வொளியும் பிந்துவோர்மீது நீல ஒளியும் பாய்ச்சி அனைவரையும் ஒருசேர நடத்துவார்.

பிற்காலத்தில் அம்மனிதர்களின் இடத்தில் செயலிகள் அமர்ந்தன. புனேயின் சி-டாக் நிறுவனம் 1991-இல் ஆக்கிய பரம் 8000 நம் நாட்டு இணைக் கணிப்பொறிகளில் ஒரு முன்னோடி. ஆனால் நடுமேடைத் தலைவர் எங்கே? நிரலைப் பொறியிடம் ஒப்படைத்துவிட்டு, விடை வரும்வரை வெளியே காத்திருப்பதே நெடுங்காலம் வழக்கமாயிருந்தது. தொடக்கத்தில் ஓர் எண் பிசகினால் முழு ஓட்டமும் வீணே.

இந்நிலையை மாற்ற வேண்டுமென 1987-இல் அமெரிக்க அறிஞர் குழுவின் அறிக்கையொன்று வற்புறுத்தியது. பின்னர் யூட்டா பல்கலைக்கழகத்தில் எஸ்.சி.ஐ.ரன், ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடத்தில் கியூமுல்வ்ஸ் ஆகிய கருவிகள் தோன்றின. இத்தகைய கருவிகள், பல செயலிகளில் சிதறிக் கிடக்கும் இடைவிடைகளைத் திரட்டிப் படமாகக் காட்டும். ஆய்வாளர் மாற்றும் எண்ணைச் செயலிகளுக்குக் கொண்டு சேர்க்கும். இதில் ஒரு சிக்கல் உண்டு. கணக்கின் ஒரே படியில் எல்லாச் செயலிகளும் அம்மாற்றத்தை ஏற்க வேண்டும். சில முந்தி ஏற்றால் விடை குழம்பிவிடும். ரிச்சர்ட்சனின் இரு விளக்குகளுக்கும் ஏறத்தாழ இதே வேலைதான்.

பெங்களூர் இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் 2009-ஆம் ஆண்டின் அய்லா புயலைக் கொண்டு இத்துறையில் ஆராய்ந்தனர். கணக்கு ஓடும்போதே புயலின் படத்தைத் தொலைவிலிருந்து காணவும், நுணுகிக் கணக்கிட வேண்டிய பகுதியை மாற்றவும் அவர்கள் வழி கண்டனர்.

மாணவ நண்பர்களே! மேழி பிடித்தவர் சால் முடியட்டும் என்று கண்மூடி நடப்பதில்லை. கோணல் கண்ட இடத்திலேயே கலப்பையைத் திருப்புகிறார். பொறியின் வேகம் எவ்வளவு பெருகினும், அதன் மேழி மனிதன் கையில் இருத்தல் வேண்டும் என்பதே இவ்வரலாற்றால் நான் உணர்வது.