வேக பைக்கும் முதல் ஐந்து மாதங்களும்: ஒரு வரலாறு

மோட்டார் சைக்கிள் விபத்துகளைப் பற்றிய ஆய்வுகளில் இன்றும் அதிகம் எடுத்துக்காட்டப்படுவது, அமெரிக்காவின் தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரி ஹர்ட் என்பவரின் தலைமையில் நடந்த ஆய்வு ஆகும். 1976, 1977 ஆண்டுகளில் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் நடந்த சுமார் 900 விபத்துகளை அவருடைய குழுவினர் நேரில் சென்று ஆராய்ந்தனர். டயர் தேய்ந்த தடத்தை அளந்தனர், வண்டியின் சேதத்தைக் குறித்தனர், ஓட்டியவரிடமும் பார்த்தவரிடமும் பேசினர். அறிக்கை 1981-இல் வெளிவந்தது.

அதில் ஒரு தகவல் பலருடைய எண்ணத்தை மாற்றியது. விபத்தில் சிக்கியவர்கள் பெரும்பாலும் நேற்று வண்டி பழகியவர்கள் அல்லர். அவர்களுடைய சாலை அனுபவம் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள். ஆனால் அவர்களில் பாதிப் பேருக்கு மேல், விபத்துக்குள்ளான அந்தக் குறிப்பிட்ட வண்டியை ஓட்டத் தொடங்கி ஐந்து மாதங்கள்கூட ஆகியிருக்கவில்லை. மூன்று ஆண்டுப் பழக்கம் பழைய வண்டியோடு தங்கிவிட்டது. புதிய வண்டிக்கு அதில் ஒரு பகுதிதான் வந்து சேர்ந்திருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பெரிய எஞ்சின் கொண்ட வண்டிகள் அதிகமாக விபத்துக்குள்ளாயின என்று அந்த அறிக்கை கூறவில்லை. சாலையில் அவை இருந்த அளவோடு ஒப்பிட்டால் விபத்துகளில் அவற்றின் பங்கு குறைவுதான். விபத்து என்று நேர்ந்துவிட்டால் காயம் கடுமையாக இருந்தது. ஆகவே ஆற்றல் மிகுந்த வண்டி என்றாலே ஆபத்து என்பதைவிட, பழகாத வண்டியில் பிழைக்குக் கொடுக்கும் விலை அதிகம் என்று சொல்வதே பொருந்தும். வேக பைக்குகளின் வரலாற்றைப் பார்த்தால் எஞ்சின் எப்போதும் முன்னே ஓடியிருக்கிறது. அதைக் கையாளும் அறிவு பல ஆண்டுகள் பின்தங்கியே வந்திருக்கிறது.

ஹர்ட் ஆராய்ந்த சாலைகளுக்கு ஆற்றல் மிகுந்த வண்டிகள் வந்து சேர்ந்தது 1969 வாக்கில். அந்த ஆண்டு ஹோண்டா சிபி750 அமெரிக்கச் சந்தைக்கு வந்தது: நான்கு சிலிண்டர், 67 குதிரைத்திறன், முன் சக்கரத்தில் டிஸ்க் பிரேக். அதே காலத்தில் காவசாகி நிறுவனம் எச்1 என்ற 500 சிசி வண்டியை விற்றது. மூன்று சிலிண்டர் கொண்ட டூ-ஸ்ட்ரோக் எஞ்சின், 60 குதிரைத்திறன், ஆனால் தொடக்கத்தில் முன்னும் பின்னும் டிரம் பிரேக்தான். டூ-ஸ்ட்ரோக் எஞ்சினின் இயல்பு, குறைந்த சுழற்சியில் சாதுவாக இருந்துவிட்டு ஒரு கட்டத்தைத் தாண்டியதும் ஆற்றலை மொத்தமாகக் கொட்டுவது. எச்1-இல் இது உச்சம். எடை பின்பக்கம் சாய்ந்திருந்ததால் முன் சக்கரம் தரையை விட்டு எழும்பும். வளைவில் அது நிகழ்ந்தால் ஓட்டுபவர் செய்வதற்கு அதிகம் இருக்காது. ‘விதவைகளை உண்டாக்கும் வண்டி’ என்ற பட்டப்பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. வாங்கியவர்களுக்குக் கடையில் கிடைத்தது சாவியும் கையேடும். ஹர்ட் அறிக்கையின்படி விபத்தில் சிக்கியோரில் 92 விழுக்காட்டினர் பயிற்சி பெறாதவர்கள். தாமாகவோ, வீட்டாரிடமோ, நண்பரிடமோ பழகியவர்கள்.

ஆற்றலைத் தவிர இன்னொரு சிக்கலும் அந்தக் காலத்தில் இருந்தது. பிரிட்டிஷ் வண்டிகளில் கியர் வலது காலில், பின் பிரேக் இடது காலில். ஜப்பானிய வண்டிகளில் இது தலைகீழ். பத்து ஆண்டுகள் டிரையம்ஃப் ஓட்டியவர் ஹோண்டாவுக்கு மாறினால், நிதானமாக ஓட்டும்வரை குழப்பம் இராது. நாய் குறுக்கே ஓடும் அந்த நொடியில் கால் பழைய இடத்துக்கே போகும். அங்கே பிரேக் இருக்காது, கியர் இருக்கும். இதனால் அமெரிக்க அரசு, 1974 செப்டம்பர் முதல் தயாராகும் வண்டிகளில் கியர் இடப்புறமும் பின் பிரேக் வலப்புறமும் இருக்க வேண்டும் என்று விதித்தது. அதற்காக டிரையம்ஃப், நார்ட்டன் நிறுவனங்கள் எஞ்சின் அமைப்பையே மாற்ற வேண்டியிருந்தது.

நம் நாட்டில் இதே நிலை பத்தாண்டு தள்ளி வந்தது. 1983-இல் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் யமஹாவின் ஆர்டி350-ஐ ‘ராஜ்தூத் 350’ என்ற பெயரில் இங்கே தயாரித்தது. மூல வண்டியின் ஆற்றலைக் குறைத்துத்தான் விற்றார்கள். அப்படியும் 30 குதிரைத்திறன் இருந்தது. அக்காலப் புல்லட் 350-இன் ஆற்றல் ஏறத்தாழ 18. வெளிநாட்டு ஆர்டி350-இல் முன் டிஸ்க் பிரேக் உண்டு; இந்திய வண்டிக்கு வந்தது டிரம் பிரேக். ஆற்றலைக் குறைத்தது சரி, பிரேக்கையும் குறைத்தது ஏன் என்ற கேள்வி இன்றும் அந்த வண்டியின் பிரியர்களிடையே உண்டு. புல்லட்டிலிருந்து அதற்கு மாறியவருக்குக் கால் குழப்பமும் கூடவே வந்தது. புல்லட்டின் கியர் வலது காலில் இருந்தது. 2000-க்குப் பிறகும் சில ஆண்டுகள் அப்படியே நீடித்தது.

ஓட்டுநரைப் படிப்படியாக ஏற்றிவிட வேண்டும் என்ற எண்ணம் சில நாடுகளில் சட்டமாயிற்று. பிரிட்டன் 1961-இல், பழகுநர் 250 சிசிக்கு மேல் ஓட்டக்கூடாது என்றது. எஞ்சின் அளவுக்குத்தான் வரம்பு, ஆற்றலுக்கு இல்லை. உற்பத்தியாளர்கள் அந்த 250 சிசிக்குள் எவ்வளவு அடக்க முடியுமோ அவ்வளவையும் அடக்கினார்கள். 1980-இல் வந்த யமஹா ஆர்டி250எல்சி மணிக்கு ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தொட்டது. பழகுநர் பலகையை மாட்டிக்கொண்டு அதைச் சட்டப்படி ஓட்டலாம். 1983-இல் வரம்பு 125 சிசியாகக் குறைந்தது, ஆற்றலுக்கும் உச்சவரம்பு வந்தது. ஜப்பான் 1975-இல் 400 சிசியோடு நிற்கும் உரிமம் ஒன்றை ஏற்படுத்தியது. அதற்கு மேற்பட்ட வண்டிக்கான தேர்வு மிகக் கடினம்; அதனால்தான் 400 சிசி வேக பைக்குகள் அங்கே தனி வகையாகச் செழித்தன. சிங்கப்பூரில் இன்றும் மூன்று படிகள்: 200 சிசி வரை, 400 சிசி வரை, அதற்கு மேல். ஐரோப்பிய ஒன்றியம் 2013 முதல் நடுப்படிக்கு 35 கிலோவாட் என்று ஆற்றலையே அளவாக வைத்திருக்கிறது. இதுவே சரியான அளவுகோல் என்பது என் கருத்து.

சட்டம் ஒருபுறம் இருக்க, கை எதைக் கற்க வேண்டும் என்பதையும் ஹர்ட் அறிக்கைதான் தெளிவாகக் காட்டியது. ஆபத்தைக் கண்ட நொடியிலிருந்து மோதும் நொடிவரை ஓட்டுநருக்குக் கிடைத்த நேரம் பெரும்பாலும் இரண்டு நொடிகளுக்கும் குறைவு. அந்த நேரத்தில் பெரும்பாலோர் பின் பிரேக்கை மிதித்துச் சக்கரத்தைத் தேய்த்தார்கள். முன் பிரேக்கைப் போதுமான அளவு பிடிக்கவில்லை. வண்டியை ஒடித்து விலகும் திறன் அவர்களிடம் இல்லவே இல்லை எனலாம்.

பிரேக் பிடித்ததும் எடை முன்னே சாய்கிறது. முன் டயர் தரையில் அழுந்திப் பிடிப்பு கூடுகிறது. பின் டயர் இலேசாகிப் பிடிப்பை இழக்கிறது. ஆகவே வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பகுதி முன் பிரேக்கினுடையது. ஆனால் எடை சாய்வதற்கு முன்பே அதை வெடுக்கென்று இழுத்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். முதலில் மெல்லத் தொட்டு, எடை முன்னே வந்த பிறகு அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். நூறு சிசி வண்டியில் நான்கு விரலால் இறுக்கிப் பழகிய கை, வேக பைக்கின் இரட்டை டிஸ்க் பிரேக்கை அதே பலத்தோடு பிடித்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. புதிய வண்டி வாங்கியவர் முதல் வாரத்திலேயே ஆளில்லாத, உலர்ந்த, சமதளமான இடம் ஒன்றைத் தேடிப் போய், 30 கிலோமீட்டர் வேகத்தில் தொடங்கி, நிறுத்தி நிறுத்திப் பழக வேண்டும்.

விலகும் திறன் இன்னும் விசித்திரமானது. ஓரளவு வேகத்தில் இடப்பக்கம் திரும்ப, இடது கைப்பிடியை முன்னோக்கி அழுத்த வேண்டும். சக்கரம் கணநேரம் வலப்பக்கம் திரும்ப, வண்டி இடப்பக்கம் சாய்ந்து வளைகிறது. சைக்கிள் ஓட்டும் எல்லோரும் இதை அறியாமலேயே செய்கிறார்கள் என்பதை, சைக்கிள் கடை நடத்தி வந்த விமானம் கண்ட வில்பர் ரைட் கவனித்துச் சொல்லியிருக்கிறார். அறியாமல் செய்வது சாதாரண நேரத்துக்குப் போதும். இரண்டு நொடிக்குள் லாரியைத் தவிர்க்க வேண்டுமென்றால், எந்தக் கையை அழுத்துவது என்பதை உடம்பு முன்பே அறிந்திருக்க வேண்டும். வேக பைக்கில் கைப்பிடி தாழ்வாகவும் குறுகலாகவும் இருப்பதால் இந்த அழுத்தத்தின் அளவும் மாறிவிடுகிறது. அதையும் புதிதாகக் கற்க வேண்டும்.

இந்த அறிவு பரவத் தொடங்கிய அதே ஆண்டுகளில் வண்டிகள் வேறு உலகத்துக்குப் போய்விட்டன. 1985-இல் விற்பனைக்கு வந்த சுஸுகி ஜிஎஸ்எக்ஸ்-ஆர்750, பந்தய வண்டியைச் சாலைக்குக் கொண்டு வந்தது: 100 குதிரைத்திறன், திரவங்கள் நீங்கலாக 176 கிலோ எடை. 1998-இல் யமஹா ஆர்1 வந்தபோது அதன் எடை 177 கிலோ, ஆற்றல் 150. பதின்மூன்று ஆண்டுகளில் எடை கூடவில்லை, ஆற்றல் பாதிக்குப் பாதி கூடிவிட்டது. அடுத்த ஆண்டு வந்த சுஸுகி ஹயபுசா 300 கிலோமீட்டரைத் தாண்டியதும், உற்பத்தியாளர்கள் தமக்குள் பேசி அந்த எண்ணிலேயே நிறுத்திக்கொண்டனர். சாலையில் ஓட்டுபவருக்கு அந்த உச்ச வேகத்தைவிட வேறொன்று முக்கியம். இத்தகைய 1000 சிசி வண்டி நின்ற இடத்திலிருந்து சுமார் மூன்று நொடியில் 100 கிலோமீட்டர் வேகத்தை எட்டும். அதற்குத் தேவை ஏறத்தாழ 40 மீட்டர் தூரம். முதல் கியரிலேயே 150-ஐத் தொடும். சிறு வண்டியில் ‘கொஞ்சம் முறுக்குவது’ என்று கை அறிந்து வைத்திருந்த அளவுக்கு இங்கே பொருளே இல்லை.

மின்னணு உதவிகள் பின்னர் வந்தன. 1988-இல் பிஎம்டபிள்யூ கே100 வண்டியில் ஏபிஎஸ் வந்தது. 2009-இல் அதே நிறுவனத்தின் எஸ்1000ஆர்ஆர், 193 குதிரைத்திறனோடு, பின் சக்கரம் வழுக்காமல் தடுக்கும் கருவியையும் ஆற்றலைக் குறைக்கும் மழைக்கால முறையையும் சேர்த்துத் தந்தது. 2015-இல் ஆர்1, வண்டியின் சாய்வை நொடிக்கு நொடி அளக்கும் உணரியைப் பெற்றது. இவை எச்1 காலத்தவருக்குக் கிடைக்காத வரங்கள்; முதல் சில வாரம் மழைக்கால முறையிலேயே ஓட்டுவதில் வெட்கம் ஒன்றுமில்லை. ஆனால் ஏபிஎஸ் சக்கரம் பூட்டாமல்தான் பார்த்துக்கொள்ளும். பிரேக்கைப் பிடிக்கத் தயங்கும் கைக்காக அது பிடிக்காது. வளைவுக்குள் அளவுமீறிய வேகத்தில் நுழைந்தவரைக் காப்பாற்ற எந்தக் கருவிக்கும் வரம்பு உண்டு.

முதல் மாதங்களுக்கான மற்றப் பழக்கங்களில் பல, எஞ்சினுக்காகச் சொல்லப்பட்டவை. கையேடு ‘முதல் 1000 கிலோமீட்டருக்கு இந்தச் சுழற்சியைத் தாண்டாதே’ என்று சொல்வது உலோகப் பாகங்கள் ஒன்றோடொன்று இணங்குவதற்காக. கடைக்காரர் அதை விளக்கும்போது வாங்குபவர் சலிப்போடு கேட்பார். உண்மையில் அந்த 1000 கிலோமீட்டர் ஓட்டுநருக்கும் சேர்த்துத்தான் பயன்படுகிறது. புதிய டயரின் மேற்பரப்பு வழவழப்பானது. முதல் நூற்றைம்பது கிலோமீட்டர் அளவுக்கு மெதுவாக ஓட்டி, சிறிது சிறிதாகச் சாய்த்துத் தேய்க்க வேண்டும். பின்னால் ஆளை ஏற்றினால் பிரேக்கும் வளைவும் மறுபடி மாறிவிடும் என்பதால் அதைச் சில மாதம் தள்ளிப்போடலாம். நன்கு தெரிந்த சாலையில் தனியாக ஓட்டுவது நல்லது. கூட்டமாகப் போகும் பயணத்தில் முன்னால் போகிறவரின் வேகம் நம் வேகமாகிவிடும்.

இந்தியாவில் படிகள் இல்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் ‘கியர் உள்ள மோட்டார் சைக்கிள்’ என்ற ஒரே பிரிவுதான். பதினெட்டு வயதில் நூறு சிசி வண்டியில் எட்டுப் போட்டுக் காட்டி உரிமம் பெற்றவர், மறுநாளே ஆர்1 ஓட்டலாம். 2007 இறுதியில் அந்த வண்டி இங்கே அதிகாரப்பூர்வமாக விற்பனைக்கு வந்தபோது விலையே ஒரு தடுப்பாக இருந்தது. 2013-இல் கேடிஎம் 390 டியூக், 43 குதிரைத்திறனோடு, நடுத்தர வர்க்க இளைஞர் எட்டும் விலையில் வந்ததும் அந்தத் தடுப்பும் தளர்ந்தது. அப்பாவின் நூறு சிசி வண்டியின் ஆற்றல் சுமார் எட்டு. மகன் ஒரே தாவலில் ஐந்து மடங்கு ஏறிவிடுகிறார். 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட எல்லாப் புதிய வண்டிக்கும் ஏபிஎஸ் கட்டாயம் என்பது இங்கு நேர்ந்த பெரிய முன்னேற்றம். உரிமத்தில் மாற்றம் வரவில்லை.

பயிற்சியைத் தாமாகத் தேடிப் போகிறவர்களுக்கு இன்று வழி இருக்கிறது. கீத் கோட் என்பவர் 1980-இல் தொடங்கிய கலிஃபோர்னியா சூப்பர்பைக் பள்ளி, சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்திலும் வகுப்புகள் நடத்தியிருக்கிறது. தம்முடைய பெரிய வண்டியின் முழு ஆற்றலையும் காட்டும் ஆசையோடு வருகிறவர்களுக்கு அங்கே முதல் பாடம் ஆக்சிலரேட்டரைக் கையாள்வது. அந்தப் பாடத்தில் தடத்தை முழுவதும் ஒரே கியரில், பிரேக்கைத் தொடாமல் சுற்றி வரச் சொல்கிறார்கள். வளைவுக்குள் எந்த வேகத்தில் நுழைகிறோம் என்பதைக் கையே கணக்கிட்டாக வேண்டும்.