பிடித்துவிடும் கை: ஒரு மருத்துவ முறையின் வரலாறு

ஷாம்பு என்றதும் தலைக்குத் தேய்த்துக் குளிக்கும் நுரைப்பொருள்தான் இன்று நம் நினைவுக்கு வருகிறது. பெட்டிக்கடைகளில் சரம் சரமாகத் தொங்கும் அந்தப் பொட்டலங்களைப் பார்க்கும்போது, அது நம் நாட்டுச் சொல் என்பதும், ஒரு காலத்தில் அதற்குத் தலை அலசுவது என்ற பொருளே இல்லை என்பதும் யாருக்கும் தோன்றாது. இந்தியில் ‘அழுத்து’, ‘பிடித்துவிடு’ என்று ஏவும் ‘சாம்ப்போ’ என்ற சொல்லே ஆங்கிலத்தில் ஷாம்பு ஆயிற்று. 18ஆம் நூற்றாண்டிலும் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் ஆங்கிலேயர் ஷாம்பு என்று சொன்னது, உடம்பு வலிக்குக் கையால் பிடித்துவிடுவதைத்தான்.

வயலிலிருந்து திரும்பிய தாத்தா, பேரனைத் தம் முதுகில் ஏறி மெல்ல மிதிக்கச் சொல்வதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். அந்தப் பேரன் நாமாகவே இருந்திருக்கவும் கூடும். இவ்வளவு எளிய ஒரு செயல் மருத்துவமனைக்குள் நுழைவதற்கு நெடுங்காலம் ஆயிற்று. ‘இது ஏன் வலியைக் குறைக்கிறது?’ என்ற கேள்விக்குச் சரியான விடை தேடுவதற்கோ அதைவிடக் கூடுதல் காலம் பிடித்தது. அந்தத் தேடல் இன்னும் முடியவில்லை.

பாட்னாவிலிருந்து பிரைட்டன் வரை

1759இல் பாட்னாவில் பிறந்தவர் சேக் தீன் முகமது. சிறுவயதிலேயே கிழக்கிந்தியக் கும்பெனிப் படையைச் சேர்ந்த ஓர் ஐரிஷ் அதிகாரியோடு போய்ச் சேர்ந்தார். 1784இல் அயர்லாந்தில் குடியேறினார். அங்கே 1794இல் தம் பயணங்களைப் பற்றி அவர் வெளியிட்ட நூல், இந்தியர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்ட முதல் நூலாகக் கருதப்படுகிறது.

பின்னர் அவர் லண்டனுக்கு வந்து, பேசில் காக்ரேன் என்ற செல்வரின் நீராவிக் குளியல் நிலையத்தில் பணியாற்றினார். இந்தக் காக்ரேன் நம் சென்னையில் கும்பெனி உத்தியோகத்திலும், கடற்படைக்கு உணவுப் பொருள் வழங்கும் ஒப்பந்தத்திலும் பெரும் பொருள் ஈட்டிக்கொண்டு தாயகம் திரும்பியவர். தீன் முகமது 1810இல் லண்டனில் ஓர் இந்திய உணவு விடுதி தொடங்கினார். அது ஓடவில்லை, 1812இல் கடனில் மூழ்கினார். ஐம்பது வயதைக் கடந்த நிலையில் மனைவியோடு கடற்கரை நகரமான பிரைட்டனுக்குச் சென்று, புதிதாக ஒரு தொழிலைத் தொடங்கினார். மூலிகை நீராவியில் நோயாளியை வியர்க்கவைத்து, பிறகு உடம்பைப் பிடித்துவிடுவதே அத்தொழில். நோயாளி ஃபிளானல் துணியால் ஆன கூடாரத்துக்குள் இருப்பார். வெளியே நிற்பவர், துணியில் தைத்த கைப்பைகளுக்குள் கைகளை நுழைத்துப் பிடித்துவிடுவார்.

முதலில் ஊரார் நகைத்தனர். ஆனால் மூட்டுவலியும் முதுகுப்பிடிப்பும் கொண்டோர் வந்து குணம் கண்டனர். ஊன்றுகோலோடு வந்து அதை விட்டுவிட்டுச் சென்றவர்களின் ஊன்றுகோல்களை அவர் தம் நிலையத்தில் மாட்டிவைத்தார். 1822இல் தம் முறையைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். அரசர்கள் நான்காம் ஜார்ஜும் நான்காம் வில்லியமும் அவரைத் தம் ‘ஷாம்பு மருத்துவ’ராக அமர்த்திக்கொண்டனர். அவர் 1851இல் மறைந்தார். நாளடைவில் அந்தச் சொல் உடம்பை விட்டுத் தலைமுடிக்குப் போய்விட்டது.

பழைய மருத்துவர்கள்

கையால் தேய்க்கும் முறையைத் தீன் முகமது கண்டுபிடிக்கவில்லை. எந்த ஒரு நாடும் அதற்குத் தனி உரிமை கோர முடியாது. கிரேக்க மருத்துவர் ஹிப்பாக்ரட்டீஸ் பெயரில் வழங்கும் நூல்கள், மருத்துவன் தேய்த்துவிடும் பயிற்சியும் பெற்றிருக்க வேண்டும் என்று கூறுகின்றன. தளர்ந்த மூட்டை இறுக்கவும் இறுகியதைத் தளர்த்தவும் தேய்ப்பு பயன்படும் என்பது அவற்றின் கருத்து. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாள்வீரர்களுக்கு மருத்துவம் பார்த்த காலன், தேய்ப்பின் வன்மையை மூன்றாகவும் அளவை மூன்றாகவும் பிரித்து, இரண்டையும் இணைத்து ஒன்பது வகை சொன்னார்.

நம் சித்த மருத்துவத்திலும் இம்முறை உண்டு. தொக்கணம் என்பது அதன் பெயர். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், அழுத்தல், இழுத்தல், அசைத்தல் முதலாக அதிலும் ஒன்பது வகைகளே சொல்லப்படுகின்றன. ஆனால் காலனின் ஒன்பது அளவைப் பற்றியவை. தொக்கணத்தின் ஒன்பது கையின் செயலைப் பற்றியவை. எண்ணிக்கை ஒன்றாக இருப்பதால் ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று முடிவு செய்துவிடக் கூடாது.

ஆம்ஸ்டர்டாம் மருத்துவரும் எழுத்தாசிரியரும்

‘சுவீடன் மசாஜ்’ என்ற பெயர் உலகெங்கும் வழங்குகிறது. ஸ்டாக்ஹோமில் 1813இல் உடற்பயிற்சிக் கழகம் ஒன்றை நிறுவிய பேர் ஹென்ரிக் லிங்கை அதன் தந்தை என்பார்கள். உண்மையில் லிங்கின் அக்கறை பெரும்பாலும் உடலசைவுப் பயிற்சிகளில்தான் இருந்தது. இன்று கற்பிக்கப்படும் நீவுதல், பிசைதல், தேய்த்தல், தட்டுதல் என்ற பகுப்பு, ஆம்ஸ்டர்டாமில் ஒரு கசாப்புக் கடைக்காரரின் மகனாகப் பிறந்த யோஹான் கியோர்க் மெட்ஸ்கர் என்ற மருத்துவரோடு தொடர்புடையது. சுளுக்கிய கணுக்காலைத் தேய்த்துக் குணப்படுத்துவது பற்றியே அவர் 1868இல் தம் பட்ட ஆய்வேட்டை எழுதினார். பிற்காலத்தில் அரச குடும்பத்தினரும் அவரைத் தேடி வந்தனர்.

மெட்ஸ்கர் மிகுதியாக எழுதவில்லை. அவருடைய முறையைச் சோதனைக்கு உட்படுத்தியவர் ஜெர்மானிய மருத்துவர் மோசன்கைல். அவர் முயல்களின் இரு முழங்கால் மூட்டுகளிலும் கறுப்பு மையைச் செலுத்தி, ஒன்றை மட்டும் பிசைந்துவிட்டார். 1876இல் வெளியான முடிவு இது: பிசைந்த மூட்டிலிருந்து மை நிணநீர்க் குழாய்களுக்குச் சென்றுவிட்டது, பிசையாத மூட்டிலோ அப்படியே தேங்கி நின்றது. ஒரே விலங்கின் ஒரு காலை மற்றொரு காலோடு ஒப்பிட்ட இந்த முறையை மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இது மீண்டும் வரும்.

அக்காலத்தில் நாள்தோறும் பேனா பிடித்தே வலி கண்டவர்களும் இருந்தனர். 19ஆம் நூற்றாண்டின் அலுவலகங்களில் எழுத்தர்களின் விரல்கள் பேனாவைப் பிடித்ததும் விறைத்துக்கொள்ளும். இது எழுத்தாளர் பிடிப்பு எனப்பட்டது. 1880களில் இதற்குப் பிடித்துவிடுதலும் பயிற்சியும் கலந்த சிகிச்சை அளித்துப் பெயர் பெற்றவர் பிராங்பர்ட் நகரின் யூலியஸ் வொல்ஃப். அவர் மருத்துவர் அல்லர். அழகாக எழுதக் கற்பிக்கும் ஆசிரியர். எந்த விரல் எவ்வாறு வேலை செய்கிறது என்பதை நாள் முழுதும் பார்த்துக்கொண்டிருந்தவர். மருத்துவ ஏடுகளும் அவருடைய வெற்றியை ஒப்புக்கொண்டன.

நான்கு பெண்கள்

புகழ் வந்தால் போலியும் வரும். 1894இல் லண்டனில் மசாஜ் என்ற பெயரில் நடந்த முறைகேடுகளைப் பற்றி பிரிட்டிஷ் மருத்துவ இதழ் எச்சரித்தது. நேர்மையாகத் தொழில் செய்த பெண்களின் நற்பெயரும் இதனால் கெட்டது. அந்த ஆண்டிலேயே லூசி ராபின்சன், ரோசலிண்ட் பேஜட், எலிசபெத் மேன்லி, மார்கரெட் பால்மர் ஆகிய நால்வர் சேர்ந்து, பயிற்சி பெற்ற மசாஜ் பெண்கள் சங்கத்தைத் தொடங்கினர். தேர்வில் தேறியவருக்கே சான்றிதழ். மருத்துவர் சொன்னாலன்றிச் சிகிச்சை இல்லை என்று கடுமையான விதிகள் வகுத்தனர்.

இருபது ஆண்டுகளில் முதல் உலகப்போர் வந்தது. காயமுற்ற வீரர்களுக்கு அசைவை மீட்டுத்தர இவர்களுடைய கைகள் தேவைப்பட்டன. போரில் கண்ணிழந்த வீரர்கள் சிலரும் இத்தொழிலைக் கற்றுப் பிழைப்புத் தேடிக்கொண்டனர். சங்கம் 1920இல் அரச சாசனம் பெற்றது. 1944இல் அதன் பெயர் இயன்முறை மருத்துவச் சங்கம் என மாறியது. இன்று நம் மருத்துவமனைகளில் உள்ள ‘பிசியோதெரபி’ பிரிவுக்கு இந்த நால்வரும் ஒரு வகையில் முன்னோடிகள்.

தசை ஏன் வலிக்கிறது?

இனி இயற்பியலுக்கு வருவோம். நம் தலை ஏறத்தாழ 5 கிலோகிராம் எடையுள்ளது. கழுத்தெலும்பின் மேல் அது ஒரு நெம்புகோல்போல நிற்கிறது. நிமிர்ந்திருக்கும்போது தலையின் ஈர்ப்பு மையம் தாங்குபுள்ளிக்கு 2 செ.மீ. முன்னால் இருப்பதாகவும், பின்கழுத்துத் தசை அப்புள்ளிக்கு 4 செ.மீ. பின்னால் இழுப்பதாகவும் கொள்வோம். தசை 2.5 கிலோகிராம் எடைக்குச் சமமான விசை தந்தால் போதும். புத்தகத்தின் மீதோ கைப்பேசியின் மீதோ குனியும்போது அந்த 2 செ.மீ. 8 செ.மீ. ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தசையின் விசை 10 கிலோகிராம் எடைக்குச் சமமாகிறது. கணக்கு எளிமைக்காகப் போட்டதுதான் என்றாலும் போக்கு உண்மையானது.

நடக்கும்போது கால் தசை சுருங்குவதும் தளர்வதுமாக இருக்கிறது. தளரும் போதெல்லாம் புதுக் குருதி பாய்கிறது. குனிந்து தைக்கும்போதும், தட்டச்சு செய்யும்போதும், கரும்பலகையில் கையை உயர்த்தி எழுதும்போதும் தசை தளராமலே சுருங்கி நிற்கிறது. உள்ளே குருதிக் குழாய்கள் நெருக்கப்படுகின்றன. நாள்தோறும் இது தொடரும்போது தோளும் கழுத்தும் இறுகி வலிக்கின்றன.

இறுகிய இடத்தில் விரலுக்குத் தட்டுப்படும் முடிச்சு என்ன என்பதிலும் கருத்துகள் மாறி வந்துள்ளன. 1904இல் ஆங்கில மருத்துவர் கவர்ஸ் அதை நாரிழைய அழற்சி என்றார். பின்னர் ஆராய்ந்தவர்களுக்கு அந்த அழற்சி தென்படவில்லை. அமெரிக்க அதிபர் கென்னடியின் மருத்துவராக இருந்த ஜேனட் டிராவெல் அம்மையார், டேவிட் சைமன்சோடு சேர்ந்து 1983இல் வெளியிட்ட நூலில் இவற்றைத் தூண்டுபுள்ளிகள் என்று படமிட்டுக் காட்டினார். அவற்றின் இயல்பு பற்றிய விவாதம் இன்னும் நடக்கிறது.

விளக்கம் தவறினால் மருந்தும் தவறா?

‘தசையில் சேர்ந்த லாக்டிக் அமிலத்தைப் பிழிந்து வெளியேற்றுகிறோம்’ என்பது பிடித்துவிடுபவர்கள் பலர் சொல்லும் விளக்கம். 1907இல் கேம்பிரிட்ஜில் ஃபிளெட்சரும் ஹாப்கின்சும் தவளைத் தசையில் செய்த சோதனைகளே இதற்கு வித்து. களைத்த தசையில் அந்த அமிலம் சேர்வதை அவர்கள் கண்டனர். ஆனால் உயிருள்ள மனிதனில், ஓடி முடித்த ஒரு மணி நேர அளவிலேயே அது பெரும்பாலும் அகன்றுவிடுகிறது. அதைத் தசைகளும் இதயமும் எரிபொருளாகவே பயன்படுத்திக்கொள்கின்றன. மாதக்கணக்காக வலிக்கும் தோளுக்கு அதைக் குற்றம் சொல்ல முடியாது.

பிடித்துவிட்டால் அந்த அமிலம் விரைவாக அகலுமா? ஒரு கணக்குப் போடுவோம். கட்டைவிரலால் 4 கிலோகிராம் எடைக்குச் சமமான விசையை 2 சதுர செ.மீ. பரப்பில் செலுத்தினால், அழுத்தம் சதுர செ.மீ.க்கு 2 கிலோகிராம். முதுகில் ஏறும் 15 கிலோகிராம் பேரனின் ஒற்றைப் பாதம் 60 சதுர செ.மீ. என்றால், அவன் தருவது 250 கிராம்தான். நுண்ணிய குருதிக் குழாய்களிலோ அழுத்தம் பாதரச அளவில் சுமார் 30 மி.மீ.; அதாவது சதுர செ.மீ.க்கு 40 கிராம். ஆகவே அழுத்தும் நேரத்தில் குருதியோட்டம் தடைப்படவே செய்யும். 2010இல் கனடாவின் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தில் அளந்தபோதும், மசாஜ் லாக்டிக் அமிலம் அகல்வதைத் தாமதப்படுத்தியது தெரியவந்தது.

அப்படியானால் பயனே இல்லையா? 2012இல் அதே நாட்டின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார் 11 இளைஞர்களைக் களைக்கும் வரை பயிற்சி செய்யவைத்து, ஒரு காலை மட்டும் 10 நிமிடம் பிடித்துவிட்டனர். பிறகு இரு கால்களிலிருந்தும் சிறு தசைத் துண்டுகளை எடுத்து ஒப்பிட்டனர். மோசன்கைலின் முயல் சோதனை இங்கே மனிதரில் திரும்பி வருவதைக் காணலாம். லாக்டிக் அமில அளவில் வேறுபாடு இல்லை. ஆனால் பிடித்துவிட்ட காலில் அழற்சிக்கான குறிகள் குறைந்திருந்தன.

நரம்பின் பங்கும் பெரிது. 1965இல் மெல்சாக்கும் வாலும், தொடு உணர்ச்சி வலிச் செய்திக்குத் தண்டுவடத்திலேயே கதவடைக்கக் கூடும் என்ற கோட்பாட்டை வெளியிட்டனர். இடித்துக்கொண்ட முழங்காலை நாம் உடனே தேய்ப்பது இதனால்தான் என்று கருதலாம். மென்மையான வருடலுக்கெனத் தோலில் தனி நரம்பிழைகள் இருக்கின்றன. விநாடிக்கு 1 முதல் 10 செ.மீ. வேகத்தில் வருடினால் அவை நன்கு தூண்டப்படுகின்றன என்று 2009இல் சுவீடன் அறிஞர்கள் காட்டினர். குழந்தையைத் தடவித் தூங்கவைக்கும் தாயின் கை ஏறத்தாழ இந்த வேகத்தில்தான் நகர்கிறது.

எவ்வளவு பயன்?

2011இல் அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் நாள்பட்ட கீழ்முதுகு வலியுடைய 401 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்துச் செய்த ஆய்வு வெளியாயிற்று. இரு குழுக்களுக்கு வாரம் ஒரு முறை வீதம் 10 வாரம் இருவகை மசாஜ். மூன்றாம் குழுவுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மசாஜ் பெற்றவர்கள் மற்றவர்களைவிட நன்றாகத் தேறினர். ஆறு மாதம் வரை அப்பயன் நீடித்தது. ஓராண்டில் வேறுபாடு சிறுத்துவிட்டது. நுட்பமான முறைக்கும் சாதாரண இளைப்பாற்றும் முறைக்கும் இடையே பெரிய ஏற்றத்தாழ்வு இல்லை. 2015இல் 25 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களும், குறுகிய காலப் பயன் உண்டு, ஆனால் சான்றுகள் வலுவானவை அல்ல என்றே கூறினர்.

எனவே, பிடித்துவிடுவது சுகம் தரும். சில மாதம் வலியைக் குறைக்கவும் கூடும். வலியை உண்டாக்கிய குனிவை அது நிமிர்த்தாது. மேசையின் உயரத்தை மாற்றுவதும், அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நடப்பதும், தோள் தசைகளுக்குப் பயிற்சி தருவதும் நம் பொறுப்பு. எலும்பு முறிவு, காய்ச்சல், கட்டி, காலில் திடீர் வீக்கம், கைகால் மரத்துப்போதல் ஆகியவை இருந்தால் பிடித்துவிடக் கூடாது. முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். குருதிக் கட்டி உள்ள காலைப் பிசைந்தால் அது நகர்ந்து நுரையீரலை அடைத்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

தீன் முகமதுவுக்கு நரம்பிழைகளைப் பற்றி எதுவும் தெரியாது. நோய்ப்பொருள் வியர்வையோடு வெளியேறுகிறது என்று நம்பிய காலம் அது. ஆயினும் ஊன்றுகோலை விட்டு நடந்து போனவர்கள் பொய்யாகிவிடவில்லை. விளக்கம் பிழையானதால் அனுபவத்தைத் தள்ளிவிடக் கூடாது. அனுபவம் உண்மையானதால் விளக்கத்தை அப்படியே ஏற்றுவிடவும் கூடாது. அடுத்த முறை தாத்தா முதுகை மிதிக்கச் சொன்னால் பேரன் தயங்காமல் ஏறலாம். லாக்டிக் அமிலத்தைப் பிழிகிறோம் என்று மட்டும் எண்ணிக்கொள்ள வேண்டாம்.