விடுமுறை வானூர்திகள்
பயணம் விற்றோர் வானூர்தி வாங்கிய வரலாறு

ஓய்வுக்காக அயல்நாடு செல்லுதல் ஒரு காலத்தில் செல்வர்க்கே உரிய உரிமையாக இருந்தது. பொருள் தேடவும், போருக்கும், சமயக் கடமைக்கும் எளிய மக்கள் கடல் கடந்ததுண்டு. ஆயின், இரண்டு வாரம் வெயிலில் அமர்ந்து களைப்பு நீங்கி வருவதற்காக ஓர் ஆலைத் தொழிலாளி வானூர்தி ஏறுவான் என்று இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் எவரும் எண்ணியதில்லை. போர் முடிந்து ஒரு தலைமுறைக்குள் மேற்கு ஐரோப்பாவில் அது நடந்தது. அதனைச் செய்தவை அரசுகளின் பெருமைக்குரிய தேசிய விமான நிறுவனங்கள் அல்ல; சுற்றுலா வணிகரும் அவர் சொந்தமாக நடத்திய வாடகை வானூர்திகளுமே ஆகும். அவை எவ்வாறு தோன்றின, பயணிகளுக்கு எதனைக் கொடுத்தன, எந்த இடர்ப்பாட்டில் அவர்களை நிறுத்தின என்பதை நாம் இக்கட்டுரையில் காண்போம்.

இவ்வணிகத்தின் வேர் இரயிலில் இருக்கிறது. 1841-ஆம் ஆண்டு ஜூலை 5-ஆம் நாள், தாமஸ் குக் என்னும் தச்சர் லெஸ்டர் நகரிலிருந்து லஃப்பரோ நகருக்கு ஏறத்தாழ ஐந்நூறு பேரை இரயிலில் அழைத்துச் சென்றார். அவர் மதுவிலக்குத் தொண்டர்; மதுவிலக்குக் கூட்டத்திற்கே அப்பயணம். போய்வர ஒருவருக்கு ஒரு ஷில்லிங் கட்டணம். மொத்தமாக ஒரு வண்டியை அமர்த்தி, அதனை நிரப்பி, செலவைப் பலர் தலையில் பகிர்ந்தால் ஏழையும் பயணம் செய்யலாம் என்னும் உண்மையை அந்நாள் மெய்ப்பித்தது. பின்வந்த விடுமுறை வானூர்திகள் அனைத்தும் இக்கணக்கையே வானத்தில் போட்டன.

வானத்தில் அக்கணக்கை முதலில் போட்டவர்களுள் விளாடிமிர் ரைட்ஸ் குறிப்பிடத்தக்கவர். ரஷ்யாவில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய அவர் ‘ஹொரைசன்’ என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். 1950-ஆம் ஆண்டு மே மாதம், கார்சிகாத் தீவின் கால்வி என்னும் ஊருக்கு, 32 இருக்கைகள் கொண்ட டகோட்டா வானூர்தியில் பயணிகளை அனுப்பினார். வானூர்திக் கட்டணம், கூடாரத்தில் தங்கல், உணவு யாவும் சேர்த்து 32 பவுன் 10 ஷில்லிங். அரசினரோ தேசிய விமான நிறுவனத்தின் வருவாய் குறையும் என்று அஞ்சி, மாணவரையும் ஆசிரியரையும் மட்டுமே ஏற்றிச் செல்லலாம் என்னும் நிபந்தனையுடன் இசைவு கொடுத்தனர். இவ்வகையில், மலிவு விலை வான் விடுமுறையின் முதற் பயணிகளாகும் பேறு ஆசிரியப் பெருமக்களுக்கும் வாய்த்தது.

சுற்றுலா வணிகர் வானூர்தியைப் பிறரிடம் அமர்த்திக்கொள்வதோடு நில்லாமல், அதனைச் சொந்தமாக்கிக்கொள்ள விரும்பியது ஏன்? விடுதியில் அறை காத்திருக்கிறது; பயணி பணம் கட்டிவிட்டார்; அந்த நாளில் வானூர்தி வராவிட்டால் வணிகம் கெடும். போர்க்காலத்துப் பழைய வானூர்திகளை வைத்து நடந்த சிறு நிறுவனங்கள் அடிக்கடி நொடித்தன. ஆகவே டென்மார்க்கில் டையராபோர்க் என்னும் சிற்றூரின் பாதிரியார் எய்லிஃப் குரோகாகர், பேருந்துச் சுற்றுலாவில் தொடங்கி, 1962-இல் ‘ஸ்டெர்லிங்’ விமான நிறுவனத்தை நிறுவினார். இங்கிலாந்தில் ‘யூனிவர்சல் ஸ்கை டூர்ஸ்’ என்னும் சுற்றுலா நிறுவனத்தின் பயணிகளுக்கென ‘யூரேவியா’ அதே ஆண்டில் பறக்கத் தொடங்கிற்று. 1964-இல் அது ‘பிரிட்டானியா’ எனப் பெயர் மாறியது. 1965-இல் செய்தித்தாள் அதிபர் ராய் தாம்சனின் நிறுவனம் சுற்றுலாவையும் வானூர்தியையும் சேர்த்தே வாங்கியது.

இவ்வணிகத்தின் உள்ளமைப்பு எளியது, ஆயினும் நுட்பமானது. கால அட்டவணைப்படி செல்லும் விமானம், பயணி வந்தாலும் வராவிட்டாலும் புறப்பட்டாக வேண்டும். விடுமுறை வானூர்தியின் இருக்கைகளோ பல மாதங்களுக்கு முன்பே விடுதி அறையுடன் சேர்த்து விற்கப்படுகின்றன. சனிக்கிழமை மயோர்காத் தீவுக்குப் புதியவர்களைக் கொண்டு இறக்கும் வானூர்தி, விடுமுறை முடிந்தவர்களை ஏற்றிக்கொண்டு திரும்பும். பருவத்தின் தொடக்கத்தில் ஒருமுறை வெறுமையாகத் திரும்பி வரும். முடிவில் ஒருமுறை வெறுமையாகச் செல்லும். மற்ற நாளெல்லாம் நிறைந்தே பறக்கும். இரவிலும் ஓய்வின்றிப் பறந்தால் இருக்கை ஒன்றுக்கு ஆகும் செலவு மேலும் குறையும். இதுவே மலிவின் இரகசியம்.

ஆனால், நிறைந்தால் ஆதாயம் தரும் இம்முறை, சிறிது குறைந்தாலும் பெருநட்டம் தரும். வானூர்தியும் விடுதியும் முன்னரே பேசி முடிக்கப்பட்டவை. எரிபொருள் விலையோ பேசியவர் கையில் இல்லை. 1973-இல் எண்ணெய் விலை பன்மடங்கு ஏறியது. அவ்வாண்டுதான் ‘கோர்ட் லைன்’ என்னும் கப்பல், வானூர்தி நிறுவனம், நட்டத்தில் மூழ்கிக்கொண்டிருந்த ‘கிளார்க்சன்ஸ்’ சுற்றுலா நிறுவனத்தை ஒரே ஒரு பவுனுக்கு வாங்கியிருந்தது. தன் வானூர்திகளுக்குப் பயணிகளை அனுப்பி வந்த நிறுவனம் வீழ்ந்தால் தானும் வீழ நேரும் என்னும் அச்சமே அதற்குக் காரணம். அச்சம் மெய்யாயிற்று. 1974 ஆகஸ்ட் 15-ஆம் நாள், விடுமுறைப் பருவத்தின் உச்சத்தில், இரண்டும் சேர்ந்து வீழ்ந்தன. பல்லாயிரவர் அயல்நாட்டில் நின்றனர். அவரினும் மிகுதியானோர் ஆண்டு முழுதும் சேர்த்துக் கட்டிய பணத்தை இழக்கும் நிலைக்கு ஆளாயினர்.

அத்துயரம் ஒரு சட்டத்தைப் பெற்றது. சுற்றுலா விற்போர் உரிமம் பெறவேண்டும் என்னும் விதி அதற்குச் சற்று முன்னரே வந்திருந்தது. 1975-இல், சுற்றுலாக் கட்டணத்தின் ஒரு சிறு பகுதியைக் கொண்டு பொது நிதி ஒன்று அமைக்கப்பட்டது. ஒருவர் செலுத்தும் சிறு தொகை, முன்பின் அறியாத இன்னொருவரை வீடு சேர்க்கும் ஏற்பாடு அது. நாம் ஊர்ச் சங்கங்களில் சேர்த்து வைக்கும் இடர் உதவி நிதியின் இயல்பும் இதுவே அன்றோ!

இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வணிகம் சில பெருங்குழுக்களின் கையில் குவிந்தது. பிரஷ்ய அரசின் சுரங்கங்களிலிருந்து தோன்றிய ‘பிராய்சாக்’ என்னும் ஜெர்மானிய நிறுவனம் சுற்றுலாத் துறையில் நுழைந்து, 2000-இல் தாம்சன் குழுவை வாங்கி, 2002-இல் ‘டூயி’ என்று பெயர் மாற்றிக்கொண்டது. பிரிட்டானியா இன்று ‘டூயி ஏர்வேஸ்’ ஆகும். இங்கிலாந்து, ஜெர்மனி, பெல்ஜியம், நெதர்லாந்து, சுவீடன் ஆகிய நாடுகளில் டூயியின் விமான நிறுவனங்கள் ஒரே பெயரின் கீழ் இயங்குகின்றன. மற்றொரு பெருங்குழு தாமஸ் குக் பெயரையே தாங்கியது. ஜெர்மனியின் ‘காண்டோர்’ விமான நிறுவனத்தை உடைய குழு 2001-இல் குக் நிறுவனத்தை வாங்கியது. 2007-இல் அது ‘மைடிராவல்’ என்னும் குழுவோடு இணைந்தது. இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் ஸ்காண்டிநேவியாவிலும் நூற்றுக்கு மேற்பட்ட வானூர்திகள் அதன்வசம் இருந்தன.

இதற்கிடையே காலம் மாறிவிட்டது. 1990-களில் ஐரோப்பிய ஒன்றியம் வான்வழிக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. மலிவு விமானங்கள் எங்கும் பறந்தன. இணையத்தின் வழி இருக்கையைத் தனியே, அறையைத் தனியே மக்கள் வாங்கலாயினர். மொத்தமாய்க் கட்டிய மூட்டை அவிழ்ந்தது. குக் நிறுவனமோ ஐந்நூறுக்கு மேற்பட்ட கடைகளையும், இணைப்பின்போது ஏறிய கடனையும் சுமந்து நின்றது. 2019 மே மாதம் அறிவித்த அரையாண்டு நட்டம் 150 கோடி பவுன். அதில் 110 கோடி, மைடிராவல் இணைப்பில் ஏட்டில் மதிப்பிட்டிருந்த நன்மதிப்பைத் தள்ளுபடி செய்ததால் வந்தது. 2019 செப்டம்பர் 23-ஆம் நாள் விடியற்காலை, 178 ஆண்டு வரலாறுடைய அந்நிறுவனம் மூடப்பட்டது. அப்போது உலகெங்கும் அதன் பயணிகள் ஏறத்தாழ 6 இலட்சம் பேர். ஊழியர் 21,000 பேர்.

1975-இல் பிறந்த ஏற்பாட்டுக்கு இதுவே பெருஞ்சோதனை. அப்போது சுற்றுலா வாங்கும் ஒவ்வொருவர் சார்பிலும் இரண்டரைப் பவுன் பொது நிதிக்குச் சென்றுகொண்டிருந்தது. பிரிட்டிஷ் விமானத்துறை ஆணையம் பல நாடுகளின் வானூர்திகளை வாடகைக்கு அமர்த்தி, இரண்டே வாரங்களில் ஏறத்தாழ 1,40,000 பேரைத் தாயகம் சேர்த்தது. நிதியின் காப்பு இல்லாதவர்களையும் அரசு விட்டுவிடவில்லை.

இங்கு ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. குக் குழுவின் வானூர்திப் பிரிவு முந்தைய ஆண்டில் ஆதாயமே ஈட்டியிருந்தது. வீழ்ந்தது பறக்கும் தொழில் அன்று. அதனை உடைமையாக்கியவரின் கடன்சுமையே எல்லாவற்றையும் இழுத்து வீழ்த்தியது. ஜெர்மன் அரசும் ஹெஸ்ஸன் மாநிலமும் 38 கோடி யூரோ கடனுக்குப் பிணை நின்றமையால் காண்டோர் தொடர்ந்து பறந்தது. 2021-இல் அதன் பெரும்பங்கு புதிய முதலீட்டாளர் கைக்குச் சென்றது. ஸ்காண்டிநேவியப் பிரிவு ‘சன்கிளாஸ்’ என்னும் பெயரில் மறுவாழ்வு பெற்றது. பிரிட்டிஷ் பிரிவு மட்டும் ஒரே இரவில் மறைந்தது. ஒரே குடும்பத்துப் பிள்ளைகளுக்கு, நின்ற நிலத்தின் சட்டத்திற்கும் அரசின் துணிவிற்கும் ஏற்ப வெவ்வேறு விதி வாய்த்தது. அடுத்த ஆண்டே கொள்ளைநோய் வானத்தை வெறுமையாக்கியபோது, டூயியும் ஜெர்மன் அரசின் ஆதரவில் 180 கோடி யூரோக் கடன் பெற்றே தாக்குப்பிடித்தது.

சேர்த்து விற்றதால் எளியவன் பறந்தான். சேர்ந்து வீழ்ந்ததால் அவனே தெருவில் நின்றான். வணிகரின் திறமை அவனைக் கடற்கரை வரையில் கொண்டு சேர்த்தது. திரும்பி வரும் வழியைக் காத்ததோ, பலர் சிறுகச் சிறுகச் சேர்த்த பொது நிதியும் அதற்கு வழிகோலிய சட்டமுமே. மலிவான பயணம் எங்கு விற்கப்படினும், அதற்குப் பின்னால் இத்தகைய காப்பு உண்டா என்று கேட்பது வாங்குவோர் கடமை. அது இருக்கச் செய்வது அரசின் கடமை.