ஏரி இருந்த இடமும் வரைபடத்தின் உரிமையும்

பெங்களூர் நகர ரயில் நிலையத்தை அடுத்துள்ளது ஒக்கலிபுரம். பக்கத்துச் ஸ்ரீராமபுரத்தைப் போலவே, பிழைப்பு நாடி வந்த தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் பகுதி அது. அதற்கு அண்மையில், இன்று கெம்பேகௌடா பேருந்து நிலையம் இருக்குமிடத்தில், முன்பு தர்மாம்புதி என்னும் ஏரி இருந்தது. சம்பங்கி ஏரியோ கண்டீரவ விளையாட்டரங்கம் ஆயிற்று. நம் முன்னோர் கண்ட அந்நீர்நிலைகளின் கரை எதுவரை பரந்திருந்தது என்பதற்கு இன்று நமக்குச் சான்று பழைய வரைபடங்களே.

அவற்றை ஸ்கேன் செய்து, 2004-இல் இங்கிலாந்தில் தொடங்கிய ஓபன்ஸ்ட்ரீட்மேப் போன்ற பொது வரைபடங்களுக்குப் பயன்படுத்த விழைவோர் இன்று பலர். அவர்கள்முன் முதலில் எழும் வினா, இப்படத்தைப் பார்த்து எழுதும் உரிமை நமக்குண்டா என்பதே. தாள் பழுத்து மடிப்புக் கிழிந்திருப்பதால் மட்டும் ஒரு படம் பொதுச்சொத்து ஆகிவிடுவதில்லை.

இந்நகரம் அளக்கப்பட்ட வரலாறு நெடியது. திப்பு சுல்தான் வீழ்ந்த மறு ஆண்டு, 1800-இல், லாம்டன் பெங்களூரை அடுத்து ஓர் அடிக்கோடு அளந்தார். காலின் மெக்கன்சி மைசூர் நாட்டை அளந்ததும் அக்காலத்தேதான். அன்றைய படங்களுக்கு உரிமைக் காலம் என்றோ முடிந்தது. சிக்கல் பின்வந்த படங்களில்தான்.

1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் வரைபடத்தை ஓவியத்தோடு சேர்த்துக் கலைப்படைப்பு என்றே கொள்கிறது. அரசு வெளியிட்ட படத்துக்கு, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் உரிமை உண்டு. 1960-இல் வெளிவந்த இந்திய நில அளவைத் துறையின் படம் 2020 முடிவில் விடுதலை பெற்றது. முன்பு இக்காலம் 50 ஆண்டுகளாக இருந்தது. 1941-இல் மறைந்த தாகூரின் படைப்புகள் உரிமை இழக்கும் தறுவாயில் சட்டத்தைத் திருத்தி 60 ஆக்கினர். கவிஞருக்காகச் செய்த திருத்தம் நில அளவையாளரின் தாள்களையும் மேலும் பத்தாண்டு பூட்டி வைத்தது!

தனியார் வெளியீடாயின் கணக்கு வேறு. லண்டனில் ஜான் மரே வெளியிட்ட பயணிகள் கையேட்டின் 1924-ஆம் ஆண்டுப் பதிப்பில் பெங்களூர்ப் படம் ஒன்று உண்டு. இத்தகைய படத்தை வரைந்தவர் பெயர் தெரிந்தால், அவர் மறைவுக்குப்பின் 60 ஆண்டுகள். பெயரில்லாதாயின், வெளியீட்டுக்குப்பின் 60 ஆண்டுகள். ஆகவே படத்தின் ஓரத்தில் பொடியெழுத்தில் உள்ளவற்றைப் படிக்காமல் வரையத் தொடங்குதல் தகாது. அமெரிக்க இராணுவம் 1950-களில் அச்சிட்ட 1:2,50,000 அளவு இந்தியப் படங்களை டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகம் ஸ்கேன் செய்து யாவர்க்கும் திறந்து வைத்திருக்கிறது. நம் ஊர்ப் படத்தைக் கடல் கடந்து தேடும் நிலை நமக்கு வியப்பூட்டுகிறது. இந்திய அரசு நில அளவைப் படங்களின் கட்டுப்பாட்டைப் பெருமளவு தளர்த்தியது 2021 பிப்ரவரியில்தான்.

இனி ஸ்கேன் செய்தவரின் உரிமை. உள்ளதை உள்ளவாறே பிரதி எடுப்பதில் புதுப்படைப்பு எங்குளது? வெறும் உழைப்பு மட்டும் போதாது, சிறிதேனும் படைப்புத்திறன் வேண்டும் என 2007-இல் நம் உச்ச நீதிமன்றம், சட்ட நூல்கள் பற்றிய ஒரு வழக்கில், கூறியது. அதே நோக்கு ஸ்கேனுக்கும் பொருந்தும் என்பது நம் கருத்து. எனினும் சில நூலகங்கள் வாணிகப் பயன் கூடாது எனும் நிபந்தனையுடன் படங்களைத் தருகின்றன. ஓபன்ஸ்ட்ரீட்மேப்போ வாணிகர்க்கும் இடந்தருவது. அங்கே ஒரு கடிதம் எழுதி இசைவு பெறுவதே நேர்மை.

இன்னொன்றும் உண்டு. ஓபன்ஸ்ட்ரீட்மேப் இன்று தரையில் உள்ளதையே ஏற்கும். மறைந்த ஏரிக்கு அங்கே இடமில்லை. ஓபன்ஹிஸ்டாரிகல்மேப் என்னும் தனிப்பணி அதற்கென உள்ளது. தர்மாம்புதியின் கரையை அங்கு வரையலாம். ஒக்கலிபுரத்தின் இன்றைய சந்துகளின் பெயர்களுக்கோ எப்படமும் வேண்டியதில்லை. தெருவில் நடந்து, முதியோரைக் கேட்டு எழுதினாலே போதும்.